ஓரம் வெட்டுப்பட்ட படம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஊரில் சமாதானம் வந்துவிட்டதென்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நான் லண்டனில் இருந்துகொண்டு அமெரிக்காவின் மாட்டுப் பண்ணைகளைக் கணினியில் கீறிக்கொண்டிருந்தேன். பிளேஸ்டோவில் நாங்கள் சிலபேர் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒருவர் பெற்றோல் நிலையத்தில் நின்றார், ஒருவர் கடையில் பெட்டி அடுக்கினார். நான் மட்டும் காலையில் “மாடு மேய்க்கப் போறன்” என்று சொல்லிவிட்டு ஹரோவுக்கு ரயில் ஏறுவேன். முதல் மாதம் அந்தப் பகிடிக்கு எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நான் சொல்லாவிட்டால்தான் ஏன் என்று கேட்டார்கள்.

வேலை இதுதான். ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த பழைய இடவிளக்கப்படங்களை உருளை உருளையாக எங்கள் நிறுவனத்துக்கு அனுப்பும். எல்லாம் உயர்ந்த சமவெளி. மரமில்லை, மலையில்லை, மழையும் இல்லை என்று சொல்லலாம். புல் மட்டும்தான், அதைத் தின்ன மாடு. ஒரே இடத்துக்கு மூன்று பதிப்பு வரும்: நூறு வருடத்துக்கு முந்தியது, நடுவில் ஒன்று, கடைசியாக விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து ஊதா மையில் திருத்தியது. அவற்றை ஸ்கேன் பண்ணி, நான்கு மூலைகளையும் பொருத்தி, சமவுயரக் கோடு, வேலி, வீடு, காற்றாடிக் கிணறு என்று ஒவ்வொன்றாகத் தொட்டு ஏற்றவேண்டும். முந்திய பதிப்பில் இருந்த வீடு அடுத்ததில் இல்லையென்றால் அதற்கு ஓர் எண் போடவேண்டும். ஒரு முழுத் தாளில் மூன்றே மூன்று சமவுயரக் கோடுகள் ஓடும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நான் பெரும்பாலும் காணாமல்போன வீடுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருப்பேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். படிக்க வந்து இங்கேயே வேலையும் வீடுமாக இருந்துவிட்டவர். அவருக்கு ஒரு விதி இருந்தது. “முதல்ல ஓரத்த படிங்க. எந்த வருசம் அளந்தாங்க, நேர்ல போயி பார்த்தாங்களா இல்லையான்னு தெரியாம உள்ள கை வைக்காதீங்க.” ஒவ்வொரு உருளையைத் திறக்கும்போதும் இதைச் சொல்வார். நான் யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் இரண்டு வருடம் படவரைஞராக இருந்தவன். எனக்கே பாடமா என்று எரிச்சல் வரும். வெளியே காட்டாமல் “சரி மேடம்” என்று சொல்லிவிட்டு ஓரத்தைப் படிப்பேன். படித்தேன் என்பதுதான் இதில் பெரிய கொடுமை. வேலை செய்த அத்தனை நாளும், ஒரு நாள் விடாமல், ஓரத்தைப் படித்தேன்.

எங்கள் வீட்டின் மேல்மாடியில், கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத சின்ன அறையில் ஒருவன் இருந்தான். என்னைவிட ஆறேழு வயது இளையவன், வன்னிப் பக்கத்தான். ஜேர்மனியில் நாலு வருடம் இருந்து, அங்கே அகதி மனு மறுக்கப்பட்டு, லொறியில் ஒளிந்து இங்கே வந்தவன். இங்கேயும் மறுத்துவிட்டார்கள். மறுத்த காரணம் எளிமையானது: நீ சொல்லும் ஊர்க்காரன் நீ இல்லை. அவனுடைய தமையனை அந்த ஊரில் வைத்துத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள், அவனையும் அங்கேதான் தேடினார்கள். ஊர் பொய்யென்றால் மிச்சமெல்லாம் பொய். அப்பீல் போட்டிருந்தான். அதில் வென்றால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். மகளுக்கு ஆறு மாதமாக இருக்கும்போது விட்டுவிட்டு வந்தவன். தோற்றால் விமானம்.

வேலை செய்ய அவனுக்கு அனுமதி இல்லை. நாள் முழுக்க அந்த அறையில் இருப்பான். சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதை மறைக்க ஏதாவது பெரிய தாள் இருந்தால் தரச்சொல்லிக் கேட்டான். வேலையிடத்தில் பழுதாகிப்போன அச்சுப் பிரதிகள் நிறைய இருந்தன. இரண்டு மூன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்படித்தான் பிளேஸ்டோவின் ஈரச் சுவர் ஒன்றில் அமெரிக்கப் புல்வெளி ஏறியது.

ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு மேலே போனேன். அவன் கட்டிலில் முழங்காலில் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணை, இந்தச் சின்னச் சின்ன அடையாளம் எல்லாம் என்ன?”

“காற்றாடி. காத்துக்குச் சுத்தி, நிலத்துக்குக் கீழ இருந்து தண்ணி இறைக்கும்.”

இரண்டு காற்றாடிகளுக்கு நடுவே விரலை வைத்து, இது எவ்வளவு தூரம் என்று கேட்டான். மூன்று மைல் வரும் என்றேன்.

“அப்ப சரி. மாடு ஒண்டரை மைல் நடந்து வந்து குடிச்சிட்டுத் திரும்பிப் போகும். அதுக்கு மேல நடக்கவிட்டால் மெலிஞ்சுபோடும். விசயம் தெரிஞ்சவங்கள்தான் வைச்சிருக்கிறாங்கள்.”

நான் அதுவரை எத்தனையோ காற்றாடிகளுக்குப் புள்ளி வைத்திருந்தேன். ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று ஒன்றுக்காவது யோசித்ததில்லை.

அவனுடைய தகப்பன் ஊரில் பட்டி வைத்திருந்தவர். நூறு மாட்டுக்கு மேல். அவனும் பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டு மாட்டுக்குப் பின்னால் போனவன். அதன்பிறகு புதிய தாள் கொண்டுவந்தால் முதலில் அவனிடம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒரு பண்ணையின் பெயர் ஆங்கிலத்தில் ‘Lazy R’, ‘சோம்பேறி ஆர்’ என்று இருந்தது. தன் வீட்டுக்கு எவனாவது இப்படிப் பெயர் வைப்பானா என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“அது மாட்டுக் குறி அண்ணை. ஒரே எழுத்தை ரெண்டுபேர் வைச்சிருந்தால், பிந்தி வந்தவன் எழுத்தைப் படுக்க வைச்சுச் சுடவேணும். இல்லாட்டி மாடு மாறிப்போகும். எங்கட குறியும் படுத்த ‘வ’ தான்.”

மறுநாள் வேலையிடத்தில் இதைச் சொன்னேன். மேற்பார்வையாளர் தேடிப் பார்த்துவிட்டு, ஆமா, சரிதான், எப்படித் தெரியும் என்று வியந்தார். நானே கண்டுபிடித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் மிகப் பழைய பதிப்பு ஒன்றில், ஒரு பள்ளத்தின் கரையில் தனியாக நின்ற வீட்டைத் தொட்டு, “இவன் இங்க இருந்திருக்கமாட்டான்” என்றான். பள்ளத்தில் மழைக்கு மட்டும் தண்ணி நிற்கும், கிட்டக் காற்றாடியும் இல்லை, வேலியும் குறுக்கே போகிறது, மாட்டை எங்கே கொண்டுபோவான் என்றான். நான் அடுத்த பதிப்பைப் பார்த்தேன். வீடு இல்லை. ஒரு நிலத்தைக் காணாமலே, கடல் கடந்து, தாளுக்குள்ளால் பார்க்கத் தெரிந்தவன் அவன். இவ்வளவும் என் கண்ணால் பார்த்தபிறகும்தான் நான் அதைச் செய்தேன்.

அப்பீலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது வழக்கைப் பார்த்த தமிழ் லோயர் அவனைக் கூப்பிட்டு, “ஊரை ஒரு படமாய்க் கீறிக்கொண்டு வாரும். அதை வைச்சுத்தான் கேள்வி கேப்பினம். உம்மட கையாலதான் கீறவேணும்” என்றார். அவன் ஒரு பகல் முழுக்க இருந்து கீறினான், நான் கொடுத்த பழுதான தாள் ஒன்றின் முதுகில். பின்னேரம் வேலையால் வந்த என்னிடம் கொண்டுவந்து நீட்டினான்.

வீடு ஒரு சின்னப் பெட்டி. பட்டி அதைவிடப் பெரிசு. குளம் தாளில் பாதி. வடக்கு எங்கே என்று பார்த்தால் கீழே இருந்தது, ஏனென்றால் அவன் காலையில் மாட்டைச் சாய்த்துக்கொண்டு போவது தெற்கே. போகும் திசைதானே மேலே இருக்கவேண்டும். தூரத்தை மாட்டு நடையில் எழுதியிருந்தான்: பால் கறந்து விட்டால் வெயில் ஏறமுதல் போய்ச்சேரும் இடம், இப்படி. குளம் நிரம்பினால் தண்ணீர் வழியும் வானிலிருந்து ஒரு வாய்க்கால் ஓடியது. வீடு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்.

“இதைக் குடுத்தால் சிரிப்பாங்கள்” என்றேன்.

அவன் முகம் வாடிப்போனது. எனக்கோ கை துறுதுறுத்தது. படவரைஞனுக்கு முன்னால் கோணல் படத்தை வைத்தால் அதை நிமிர்த்தாமல் அவனுக்குச் சோறு இறங்காது. எனக்கு அந்த வியாதி நிறைய உண்டு. “விடும், நான் பாக்கிறன்” என்றேன்.

அந்தச் சனிக்கிழமை லண்டனில் ஒரு பெரிய நூலகத்துக்குப் போய், ஒரு மைலுக்கு ஓரங்குலம் என்று கீறிய இலங்கையின் பழைய படத்தில் அவனுடைய ஊர் இருக்கும் தாளை எடுப்பித்தேன். ஊரும் குளமும் பெயரோடு இருந்ததைக் கண்டதும் சந்தோஷத்தில் மெய்சிலிர்த்தது. தாள் பெரிது, போட்டோகொப்பி மெஷினின் கண்ணாடி சின்னது. நடுவில் இருக்கும் ஊர் வந்தால் போதுமென்று ஓரங்களை வெளியே விட்டுக் கொப்பி எடுத்தேன். அமெரிக்கத் தாளுக்கு ஓரம் படிப்பது வேலை. இது என் சொந்த நாட்டுத் தாள், என் சொந்தக் கந்தோரின் தாள் என்ற நினைப்பு எனக்கு.

வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து அழகாக ஒரு படம் வரைந்தேன். வடக்கு மேலே, அளவுத்திட்டம் கீழே. குளக்கட்டின் வளைவு அச்சுப் பிசகாமல் வந்தது. பள்ளிக்கூடம் அச்சுத் தாளில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நானும் அந்தப் பக்கமே போட்டேன். அவன் கையால் இருக்கவேண்டும் என்பதால், அதைப் பார்த்துக் கீறும்படி அவனுக்குச் சொன்னேன். மூன்று தடவை கீறவைத்தேன். மூன்றாவது தடவை கீறும்போது பென்சிலை நிறுத்தினான்.

“அண்ணை, பள்ளிக்கூடம் எங்கட பக்கம் எல்லோ?”

“தாளில அப்பிடி இல்லை.”

“நான் நடந்து போன பள்ளிக்கூடம்...”

“எத்தினை வருசத்துக்கு முதல்? இது சேர்வே டிப்பார்ட்மென்ட் அளந்து கீறினது. ஆக்கள் மறப்பினம், தாள் மறக்காது.”

அவன் தாளை இன்னொருமுறை பார்த்தான். பிறகு, “நீங்கள் படிச்ச ஆள், நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தை அந்தப் பக்கம் போட்டான். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. 

வழக்கு நாளில் நானும் லீவு எடுத்துக்கொண்டு போய்ப் பின் வரிசையில் இருந்தேன். சின்ன அறை, நீலக் கம்பளம், மேசையில் தண்ணீர் ஜாடி. எதிர்ப்பக்கச் சட்டத்தரணி ஓர் இளம் பெண், சத்தம் போட்டுப் பேசவில்லை. மழைக்காலத்தில் குளம் வான் பாய்ந்தால் பள்ளிக்கூடம் எப்படிப் போவீர்கள் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

அவன் யோசிக்கவே இல்லை. “வாய்க்காலைக் கடக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம் எங்கட பக்கம்தான்.”

இந்தப் படம் நீங்கள் கீறியதா என்று கேட்டார். ஓம் என்றான். இதில் பள்ளிக்கூடம் வாய்க்காலுக்கு மறுபக்கம் இருக்கிறதே என்று கேட்டார்.

அவன் தாளைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான். அந்த நேரம் அவன் தன் கண்ணால் கண்டதை உறுதியாகச் சொல்லியிருக்கலாம். தாள் பிழை, நான் நடந்த வழி சரி என்று ஒரு வசனம். ஆனால் அந்தத் தாள் அவனுக்குத் தாள் இல்லை, அண்ணையின் சொல். ஊரில் எங்கள் சனம் கந்தோர்க்காரனுக்குக் கொடுக்கும் மரியாதையை அவன் எனக்குக் கொடுத்தான்.

“படத்தில இருக்கிறதுதான் சரி” என்றான். “எனக்குத்தான் மாறிப்போச்சு.”

பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். லோயர் வெளியே வந்து என்னிடம் எது சரி என்று கேட்டார். அப்போதாவது ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். எனக்கு வரவில்லை. “படம்தான் சரி. ஆளுக்குப் பதட்டம்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

சந்தேகம் அடுத்த வாரம் வேலையிடத்தில் வந்தது. வழக்கம்போல ஒரு வீடு, பழைய பதிப்பில் இருந்தது, புதியதில் இல்லை. அந்த எண்ணை அடிக்கும்போது விரல் நின்றுவிட்டது. சனிக்கிழமை நூலகத்துக்குப் போய் அதே தாளை எடுப்பித்து, முதல் தடவையாக ஓரத்தைப் படித்தேன். அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு அளந்த தாள். அதே உறைக்குள், அதற்குக் கீழே, பிந்திய பதிப்பு இருந்தது. அதில் குளக்கட்டு ஒரு மூலையில் உடைந்து வேறுவிதமாகத் திரும்பியிருந்தது. அந்தப் பக்கத்தில் வீடுகள் இல்லை. ஊர் முழுக்க வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது, பள்ளிக்கூடமும்தான். அவன் தாளின் முதுகில் கீறிய அந்தக் கோணல் படத்தில் எப்படி இருந்ததோ அப்படியே. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மேசையில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பூட்டப்போகிறோம் என்று வந்து சொன்னார்கள்.

திங்கட்கிழமை லோயரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். “தன்ர கையால கீறினதெண்டு சத்தியம் பண்ணிச் சொல்லிப்போட்டார். இப்ப போய் அது இன்னொருவர் பாத்துக் கீறித் தந்தது எண்டு சொல்லச்சொல்லுறியளோ? மிச்சமிருக்கிற நம்பிக்கையும் போகும். தீர்ப்பு வரட்டும்” என்றார். புதிய தாளின் கொப்பியை அவர் மேசையில் வைத்தேன். இந்தமுறை ஓரத்தோடு எடுத்திருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப என் பக்கமே தள்ளினார்.

தீர்ப்பு ஒரு மாதத்தில் வந்தது. நான்தான் அவனுக்கு வாசித்துச் சொன்னேன். தானே கீறிய படத்தில் தான் படித்த பள்ளிக்கூடத்தை இனங்காண முடியாத ஒருவர் அந்த ஊரவர் என்று ஏற்க இயலாது என்ற கருத்தில் ஒரு பந்தி இருந்தது. அதை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

அதன்பிறகு அவன் சுவரில் இருந்த புல்வெளியைப் பார்ப்பதை விட்டுவிட்டான். நான் புதிய தாள் கொண்டுபோனால் வாங்கி ஒரு பக்கம் வைப்பான். ஒருநாள் குசினியில் நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றான்.

“அண்ணை, ஐஞ்சு வருசம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனனான். எப்பிடி அதை மறந்தன்? ராவில படுத்துக்கொண்டு நடந்து பாக்கிறன். வீட்டுப் படலையால வெளிக்கிடுறன், கோயிலைத் தாண்டுறன், பள்ளிக்கூடம் வருது. வாய்க்கால் வருகுதில்லை. வாய்க்கால் எங்க போச்சு?”

மனைவியிடம் கேட்டுப் பார்த்தீரா என்று கேட்டேன். அவள் என்ன சொல்லுவாளோ என்று எனக்கே பயமாக இருந்தது.

“கேட்டால் எனக்குத் தலை சுகமில்லை எண்டு பயப்பிடுவா. கேக்கமாட்டன்.”

அப்போது சொல்லியிருக்கலாம். உமக்கு ஒன்றும் மறக்கவில்லை, வாய்க்கால் அந்த வழியில் இல்லை, உம்முடைய கால் சரி, என் தாள் பிழை. நான்கு வசனம். வாயைத் திறந்தேன், “கறி அடிப்பிடிக்கப் போகுது, தள்ளி நில்லும்” என்றேன். அவன் என்னை வெறுப்பானோ என்ற பயத்தில்தான் அப்படிச் சொன்னேன், இதற்கு வேறு பெயர் தேடுவதில் பயனில்லை. அவனுக்கு இருந்ததெல்லாம் அந்த ஊர் ஒன்றுதான். அதைத் தாளில் கெடுத்தேன், பிறகு அவன் தலைக்குள்ளேயும் கெடுத்தேன்.

மாதாமாதம் போல ஒரு செவ்வாய்க்கிழமை குடிவரவுக் கந்தோரில் கையெழுத்து வைக்கப் போனான். திரும்பி வரவில்லை. அங்கேயே மறித்துத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லோயர் ஏதோ மனுப் போட்டார், அதுவும் சரிவரவில்லை. இரண்டு தடவை பார்க்கப் போனேன். இரண்டு தடவையும் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வந்தேன்.

கடைசியாக அவன் போன் எடுத்தது நான் வேலையிடத்தில் இருக்கும்போது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு தாளைத் திறந்திருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது. நாளைக்குக் காலையில் விமானம் என்றான். அறையில் ஒரு தடிச்ச ஜக்கெட் இருக்கிறது, புதிதாய் யாராவது வந்தால் கொடுக்கச் சொன்னான். மகளுக்கென்று அவன் வாங்கி அறையில் வைத்திருந்த சப்பாத்தை என்ன செய்வது என்று நான் கேட்டேன். அது இனி அவளுக்கு அளவாக இருக்காது என்றான். 

“அண்ணை.”

“சொல்லும்.”

“எனக்காக எவ்வளவு மினக்கெட்டனீங்கள். அவ்வளவு வடிவாய்ப் படம் கீறித் தந்தீங்கள். நான் அதில போய்ப் பிழையாய்ச் சொல்லி, எல்லாத்தையும் பழுதாக்கிப்போட்டன். மனசில வைச்சிராதேங்கோ.”

“பரவாயில்லை, அதை யோசியாதையும்” என்று நான் அவனை மன்னித்தேன்.